உறைக்காத கை

சூசைக்கு நாற்பத்தாறு வயதில்தான் அந்தச் சக்தி கிடைத்தது. பன்னிரண்டு வயதில் சிலம்பக் கம்பைத் தொட்டவர். காவேரிப்பட்டினத்துக் கரும்பாலையில் அடுப்பு எரிக்கிற வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் தென்பெண்ணை மணலில் ஆட்டம். மூச்சைத் தொப்புளில் கட்டத் தெரிந்தவன் உடம்பில் அடி உறைக்காது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அன்றிலிருந்து அதே பித்து. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பயில்வான்களைக்கூடத் தேடிப் போய்க் கேட்டார். விடியலில் கழுத்தளவு ஆற்றுநீரில் நின்று மூச்சடக்கினார். பைத்தியம் என்று சொல்ல ஊருக்கு ஆசைதான். அவர் கையில் கம்பு இருந்ததால் சொல்லவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம், கூட ஆடிய ஆஞ்சப்பனின் கம்பு அவருடைய இடது முன்கையில் விழுந்தது. சத்தத்திலேயே ஆஞ்சப்பன் பதறிப்போனான்.

"பலமாப் பட்டுருச்சாண்ணா?"

"எங்கடா பட்டுச்சு?"

சூசை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது, வலி இல்லை. சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

அப்புறம் அடி வாங்குவதே ஆட்டமானது. வலது கையில் மட்டும் உறைத்தது. மூச்சு இன்னும் அந்தப் பக்கம் எட்டவில்லை என்றார். பங்குனியில் வலது கையிலும் இரண்டு விரலில் உறைப்பு அடங்கியது. கம்பு நழுவத் தொடங்கியது. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். மனுஷனுக்குப் படவே இல்லை, என்ன செய்ய?

ஒருநாள் ஆலைக்குக் கஞ்சி கொண்டுபோன மனைவி பவுலினாவுக்குக் கருகிய வாடை அடித்தது. வெல்லப் பாகு கொதிக்கும் கொப்பரையின் விளிம்பில் இடது கையை ஊன்றியபடி சூசை யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவள் அலறிக்கொண்டு கையைப் பிடுங்கினாள். வெந்த உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. முன்கையில் வெளுத்திருந்த தேமலைப் பவுலினா அன்றுதான் சரியாகப் பார்த்தாள். அவள் பிறந்த ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. விரல்கள் மடங்கிய பிறகு அவரை ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

தொழுநோய் பார்க்கும் டாக்டர் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தார்.

"பேய்க்கும் பாரு, நோய்க்கும் பாருன்னு சொல்லுவாங்க. ஒருக்கா வாங்க. அவரு ஒண்ணுமில்லன்னா அப்புறம் நான் வாயே தொறக்கல."

"வர்றேன் புள்ள. அவரும்தான் நம்ம சக்தியப் பாக்கட்டுமே."

டாக்டர் பஞ்சைத் திரித்துக் கையில் எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. நான் தொட்ட எடத்துல உங்க வெரல வெச்சுக் காட்டுங்க."

"மூச்சக் கட்டிராதீங்க," என்று பவுலினா கெஞ்சினாள்.

கள்ள ஆட்டம் சூசைக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடினார், தொப்புளில் கட்டியிருந்த மூச்சு மொத்தத்தையும் வெளியே விட்டார். இப்போது எறும்பு ஊர்ந்தாலும் தெரியும் என்று உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் தேமல் மேல் பஞ்சால் தடவினார். பிறகு விரல்களில். சூசை அசையவில்லை. குண்டூசியை எடுத்துக் குத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்து நின்றது.

"நான் தயார் சார். தொடுங்க," என்றார் சூசை.

டாக்டர் பவுலினாவைப் பார்த்தார்.

"தொட்டாச்சுங்க," என்றாள். "ஊசியால குத்தியும் பாத்தாச்சு. கண்ணத் தொறங்க."

சூசை கண்ணைத் திறக்கவில்லை.