அக்கா வீட்டுச் சாம்பல்

மங்கு செய்யும் பட்டறையிலிருந்து விலகி, மலாக்காவின் காஜா பெராங்கில் வீட்டுக்குப் பின்னால் சொந்தச் சக்கரமும் சின்னச் சூளையும் போட்டேன். மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம். ஒன்றைப் போலவே இன்னொன்று வர வேண்டும். அதையே செய்து அலுத்துத்தான் விலகினேன். இனி எந்தப் பாத்திரத்தையும் இரண்டாவது முறை செய்வதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

மெருகுப் பூச்சுக்கு அக்கம்பக்கத்து அடுப்புச் சாம்பல் போதும். சலித்து, பல தண்ணீர் மாற்றிக் கழுவி, காயவைத்து, களிமண்ணோடு கரைத்துப் பூசினால் சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும். விறகுக்கு விறகு நிறம் மாறும். ஆகவே ஒவ்வொரு வீட்டுச் சாம்பலையும் தனித்தனிப் பால்மாவு டின்னில் போட்டு, மேலே வீட்டு அடையாளம் எழுதி அடுக்கியிருந்தேன். ரப்பர் கட்டை எரித்த வீடுகள் தேன் நிறம் தந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் சாம்பல் மட்டும் பச்சை தந்தது. மழை ஓய்ந்தபின் வாழைக்குருத்தில் தெரியுமே, அந்தப் பச்சை.

அக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அக்கா, தம்பி என்று கூப்பிடுவது மட்டும் நம்மைப் போல. அவர் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவருடைய கணவர் என் முதல் சூளையில் வந்த பச்சைக் கோப்பை ஒன்றை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு வேறெதிலும் காப்பி குடிக்கவில்லை. "கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போவார்" என்று என் மனைவி கேலி செய்வாள். அவர் காலமான பிறகு போகிதோறும், அவர்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்குப் படைக்கும் இலையின் ஓரத்தில் அந்தக் கோப்பை காப்பியோடு இருக்கும்.

நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு, பண்டார் ஹிலிரில் அலுவலக வேலை பார்த்த அக்காவின் மகன் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வந்தான். "வெள்ளைக்காரனே போயாச்சு, உங்க புகை மட்டும் போக மாட்டேங்குது" என்று அம்மாவைச் சீண்டினான். அக்காவுக்குப் பெருமை. பூவேலைத் துணி போட்டு மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார். ஆனால் அந்த அடுப்புக்கு இடம் செய்யப் பலகையை நகர்த்தியபோது கோப்பை விழுந்து உடைந்துவிட்டது.

துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.

"தம்பி, இதே மாதிரி ஒண்ணு. போகிக்குள்ள வேணும்."

"இதைவிட நல்லதா ஒண்ணு தர்றேன் அக்கா."

"உயிரோட இருக்கும்போதே வேற கோப்பையைத் தொடாத மனுஷன். இப்ப மட்டும் தொடுவாரா?"

அக்கா வீட்டு டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தபின் அந்த வீட்டில் புதுச் சாம்பலும் இல்லை. அவர் எரித்தது சதுப்புநிலத்துப் பக்காவ் கட்டை என்று எனக்குத் தெரியும். அதை வாங்கிக் கொல்லையில் எரித்து, அந்தச் சாம்பலைப் பூசிச் சுட்டுப் பார்த்தேன். சோறு வடித்த கஞ்சிபோல வெளிறிய நிறம். மறுபடி அக்காவிடமே போனேன்.

"கட்டையோட வேற என்ன போட்டீங்க?"

"என்ன போடலன்னு கேளு." தேங்காய் ஓடு, மட்டை, குழம்புக்கு அரைக்கும் புவா கெராஸ் கொட்டையின் ஓடு, காய்ந்த வாழைச் சருகு என்று சொல்லிக்கொண்டே போனார்.

"எந்த அளவுல?"

"கைக்கு வந்த அளவுல."

எதையும் நிறுத்துப் போட்டே பழகியவன் நான். அந்த அளவை நிறுக்க என்னிடம் தராசு இல்லை. "அப்படின்னா பழைய அடுப்பையே பத்த வைங்க அக்கா" என்றேன். அவர் பூவேலைத் துணியை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டை எடுக்கப் போனார்.

சாம்பல் சீக்கிரம் சேர வேண்டும் என்று அக்கா எங்கள் வரிசை முழுவதுக்கும் சமைத்தார். என் மனைவி உலையே வைக்கவில்லை. "மெதுவா சேரட்டும், என்ன அவசரம்?" என்றாள். அக்காவின் மகன்தான் வெள்ளைச் சட்டையை முகர்ந்துகொண்டு வந்து நின்றான். "மாமா, என்னைத் தாண்டிப் போறவங்க எல்லாம் மீன் சுட்ட வாசனை அடிக்குதுங்கிறாங்க. ஒரு கோப்பைக்கு இவ்வளவு புகையா?"

டின் நிறைந்ததும் கழுவிக் காயவைத்து, உடைந்த துண்டுகளை அளந்து, அதே வளைவில் சில கோப்பைகள் செய்து சூளையில் அடுக்கினேன். எரித்து முடித்து, சூளை வாசலை மண்ணால் பூசிய பிறகு அக்கா வேலிக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார்.

"திறக்கலாமா?"

"இன்னும் சூடு, அக்கா. இப்ப காத்து பட்டா வெடிச்சிடும்."

"அவரும் இப்படித்தான். கோபம் ஆறின பிறகுதான் கிட்ட போகணும்."

போகிக்கு முந்தின நாள் காலை திறந்தேன். தீ நேராகப் பட்டவை சாம்பல் நிறமாகியிருந்தன. பின்மூலையில் இருந்த ஒன்று மட்டும் அந்தப் பச்சை. அக்கா அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் உதட்டை வைத்துப் பார்த்தார். பிறகு மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போகியன்று என்னையும் அழைத்திருந்தார்கள். அக்கா இலையில் எல்லாம் படைத்து, கோப்பையில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை காப்பி ஊற்றினார். இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சூளை ஆறும்வரை நான் நிற்பதும் அப்படித்தான்.

கதவைத் திறந்ததும் நேரே கோப்பையிடம் போனார்.

"குறைஞ்சிருக்கு" என்றார்.

"ஆவியா போயிருக்கும்மா" என்றான் மகன்.

"உனக்கு அடுப்பு வாங்கத்தான் தெரியும்."

நானும் குனிந்து பார்த்தேன். பச்சையின்மேல், காப்பிக்குச் சற்று மேலே, முதலில் ஊற்றிய மட்டத்தில், மெல்லிய பழுப்புக் கோடு. கோப்பையைத் தூக்கி, அடியில் இருந்த இலையை விரலால் தடவினேன். ஈரம் இல்லை.

"கோப்பை ஒழுகல, அக்கா" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன்" என்றார் அக்கா.