வனஜாவின் வலது தோள்

போன மாதம் பெங்களூரு அல்சூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். நோயாளி நானில்லை... என் சித்தி மகள் வனஜா. ஹெப்பகோடியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சின்னச் சின்ன ஸ்க்ரூக்களை முடுக்க வேண்டும். வலது தோள் பிடித்துக்கொண்டு, தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை.

தெரபிஸ்ட் மேசையில் சில பிளாஸ்டிக் டம்ளர்களை வைத்தார்.

"இதையெல்லாம் அந்த ஷெல்ஃப்ல வைங்க மேடம். எந்தக் கையால வேணும்னாலும் வைக்கலாம்."

வனஜா வலது கையாலேயே எடுத்தாள். இடுப்பு திரும்பவில்லை, கை மட்டும் போய் வந்தது. அடுத்த டம்ளருக்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் வைத்ததும் ஒரு கணம் நின்று மேலே பார்த்தாள்.

"மேல என்ன பாக்கறீங்க?"

"லைட்டு..." என்றவள், தலை குனிந்துகொண்டாள்.

கம்பெனியில் அவள் மேசைக்கு மேல் கேமரா. ட்ரே வலது பக்கம், லீவர் இடது பக்கம் — நகர்த்தக்கூடாது. கை வேறு வழியில் போனால் சிவப்பு விளக்கு எரியும். கேமரா வருவதற்கு முன்பெல்லாம் கொஞ்ச நேரம் நின்று செய்வாளாம், வலித்தால் ட்ரேயை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வாளாம்.

நாம் தண்ணீர் குடிப்பதையே கவனித்துப் பாருங்கள். ஒரு தடவை டம்ளரை எடுத்த மாதிரி மறு தடவை எடுக்கிறோமா? தோள் அலுத்தால் முழங்கை, அதுவும் அலுத்தால் இடுப்பு — உடம்பு வேலையைத் தனக்குள் பங்கு போட்டுக்கொள்கிறது. அதற்கும் இடமில்லை என்றால் அந்த அலுப்பு எங்கே போகும்?

"வேலையில கையை மாத்தி மாத்திப் பண்ணுங்க. இல்லேன்னா திரும்ப வரும்" என்றார் தெரபிஸ்ட்.

வனஜா மறுநாளே சூப்பர்வைசரிடம் கேட்டாள். அரை நாளாவது ட்ரேயை இடது பக்கம் வைத்துக்கொள்ளட்டுமா?

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோம்மா" என்றாராம் கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துக்கொள் என்று. சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்து, "ரெஸ்ட் எடு, கூப்பிடறோம்" என்றிருக்கிறார். கூப்பிடவில்லை.

இந்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். தோள் கொஞ்சம் தேவலை. வேலைதான் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. கிளினிக் இருக்கும் தெருவைச் சொன்னாள், எந்த பஸ் என்று சொன்னாள். "காலையிலேயே போயிடும்மா, கூட்டம் இருக்காது" என்று சொல்லி வைத்தாள்.

"யாருக்கு வனஜா?"

"புதுசா சேர்ந்த பொண்ணுண்ணா. என் டேபிள்லதான் போட்டிருக்காங்க. அதுக்கும் வலது தோள்தானாம்."

மேசையை மட்டும் யாரும் தெரபிஸ்டிடம் கூட்டிப்போவதில்லை.