விஸ்வேஸ்வரன் மனைவி

கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் சந்திரிகாவின் புருஷன் யாழ்ப்பாணத்துச் சண்டைக்குப் போனான். எண்பத்தேழு கடைசியில் தந்தி வந்தது: சிப்பாய் விஸ்வேஸ்வரனைக் காணவில்லை. செத்தான் என்று இல்லை, காணவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பட்டாள ஊரான காட்கியில் எங்கள் பக்கத்து வாடகை அறையிலேயே இருந்துவிட்டாள். சொந்த ஊரான வேலூருக்குப் போய்விட்டால், அவன் தேடி வரும்போது கதவு பூட்டியிருக்குமாம்.

இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைத்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. ஏழு வருஷம் கழித்து, அவன் இறந்ததாகக் கருதிப் பென்ஷன் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடவும் அதே குங்குமத்தோடுதான் போனாள். “பென்ஷனும் வேணுமாம், பொட்டும் வேணுமாம்” என்று அக்கம்பக்கத்தில் வாய் கூசாமல் பேசினார்கள். அந்த வாய்களை நான் நன்றாகவே அடைத்தேன். ஆனால் எனக்கும் அவள்மேல் கோபம் உண்டு. மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதர், பேங்க் வேலை. நான் கொண்டுபோன வரன். “அவரு திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது, அக்கா?” என்று கதவைச் சாத்தினாள். பிடிவாதக்காரி.

இரண்டாயிரத்து ஒன்றில், இலங்கையில் மாண்டவர்களுக்கு அவனுடைய படைப்பிரிவு நினைவுக்கல் எழுப்பியது. துணைக்கு நானும் போனேன். மலர்வளையம் வைக்க வந்த பெண்களில் பொட்டு வைத்தவள் இவள் ஒருத்திதான். கல்லில் புருஷன் பெயரைப் பார்த்ததும், “தப்பா வெட்டிட்டாங்கக்கா, அழிக்கச் சொல்லணும்” என்றாள்.

அப்போது காலைத் தாங்கித் தாங்கி ஒருவர் வந்தார். பெயர் சவரிமுத்து. விஸ்வேஸ்வரனோடு சண்டையில் இருந்தவர், அவன் கல்யாணத்துக்கும் வந்தவர், இப்போது பக்கத்து ஊர் ஆகுர்டியில் வாட்ச்மேன்.

“சௌக்கியமா அண்ணி? வீட்டுக்காரரும் வந்திருக்காரா?”

“எந்த வீட்டுக்காரரு?” என்றாள் சந்திரிகா.

அவர் தயங்கினார். “தொண்ணூத்தி மூணுல காட்கி பஜார்ல உங்களப் பாத்தேன். பொட்டும் தாலியுமா இருந்தீங்க. சரி, மறுகல்யாணம் ஆயிடுச்சு, நாம போயி பழசக் கிளறக் கூடாதுன்னு ஒதுங்கிட்டேன்.”

“என்ன பழசு?”

அவர் முகம் வெளிறிப்போனது. “உங்களுக்குத் தெரியாதா? என் மடியிலதான் அண்ணி அவரு உசிரு போச்சு. அப்புறம் எனக்கும் குண்டு பட்டுச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் ஆபீசர்கிட்ட சொன்னேனே. உங்களுக்குத் தகவல் வந்திருக்கும்னு நெனச்சேன்…”

மைக்கில் விஸ்வேஸ்வரன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மலர்வளையத்தை வாங்கினாள், நேராக நடந்துபோய் வைத்தாள், திரும்பி வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மரியாதை தெரிந்த எந்த மனிதரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார்.

“பஜார்ல பாத்தப்ப கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே” என்றாள். “அப்ப எனக்கு இருபத்தாறு வயசு.”