பஞ்சுக் கிட்டங்கித் தீயும் இரண்டு பத்திரிகைகளும்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, தலைப்பு 'பத்திரிகைச் செய்தியை எப்படி வாசிப்பது' என்று அறிவித்த வாரத்தில்தான் எங்கள் தெருவில் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் தீப்பிடித்தது.

மறுநாள் நூலகத்தில் நானும் என் தோழியும் இரண்டு பத்திரிகைகளை விரித்தோம். ஒன்றில் தொழிலாளர்கள் அலறியடித்து ஓடினார்கள். மற்றதில் தீயணைப்பு வண்டி வந்து நெருப்பை அணைத்தது.

"ஏட்டி, நான் பாத்தேன், வண்டி வரும்போது தீயே இல்லையே" என்றாள் அவள்.

போட்டிக்கு இதைத்தான் எழுத வேண்டும்.

சாயங்காலமே கிட்டங்கிக்குப் போனோம். மூட்டை இறக்குகிறவர் சிரித்துவிட்டார். "எங்க அலற? நாங்க டீ குடிக்கல்லா போயிருந்தோம். வந்து பாத்தா ஒரே புகை." எதிர்வீட்டு அக்கா, "நாங்க குடங்குடமா ஊத்தி அணைச்ச பொறவுதான் வண்டி மணியடிச்சுக்கிட்டு வந்துச்சு" என்றாள்.

போட்டியன்று பஸ்ஸில் நின்றுகொண்டே முதல் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். அரங்கில் உட்கார்ந்ததும் பேனா தானாக ஓடியது.

மாலையில் முடிவு சொல்ல எழுந்த நடுவர் அந்த ஊர் நிருபர். எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார்.

"அலறியடிச்சு ஓடுனாங்கன்னு எழுதுனது நான்தான்" என்றார். தோழி என் விரல்களை நெரித்தாள். "அன்னைக்கு இங்க கோர்ட்டுல வேலை. போன்ல ஒருத்தர் சொன்னதை அப்படியே எழுதிட்டேன். நீங்க யார் யாரைக் கேட்டீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். டீ குடிக்கப் போன கதைக்கு அரங்கமே சிரித்தது, அவரும் சிரித்தார். தோழிக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது.

இறங்கும்போது, "உங்க பக்கம் ஏதும் நடந்தா ஒரு கார்டு போடுங்கம்மா. பாத்ததை மட்டும் எழுதுங்க" என்றார்.

கொஞ்ச நாளில் எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய் உடைந்தது. போய்ப் பார்த்தோம், நாலு வீட்டில் கேட்டோம், கார்டு போட்டோம். அது சின்னச் செய்தியாக அச்சில் வந்தபோது நூலகத்திலேயே கத்திவிட்டோம், வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பள்ளம் தோண்ட நகராட்சி ஆட்கள் வந்தார்கள். தோழி மேஸ்திரியிடம், "அண்ணே, தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.