சன்னலில் வைத்த சத்து பாட்டில்

அப்பாவின் காமாலையை ஒரு பாட்டிலுக்குள் இறக்கிவிட்டேன் என்று நம்பி, ஒரு காலைப்பொழுது முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் நான். இன்றைக்கும் என்னை மருந்து வாங்க அனுப்பினால், வீட்டில் கூடவே ஒரு ஆளையும் அனுப்புகிறார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்தபோது, கேரள மலையில் வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தோம். பித்தப்பைக் கல் அடைத்து அப்பாவின் கண்கள் மஞ்சளாகி, ஆபரேஷன் செய்திருந்தார்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பதிலாக நரம்பில் ஏற்ற, அமினோ அமிலச் சத்து பாட்டில்களை மாமா போடியிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றையும் கறுப்புத் தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள். கடைசியாக ஏற்ற வேண்டிய பாட்டில் மட்டும் கட்டிலோரத்து அலமாரியில் இருந்தது.

பாட்டில் ஏறும்போது கையெல்லாம் ஐஸாய்க் குளிர்கிறது என்று அப்பா முனகினார். எங்கள் மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். காலையில் அதைச் சன்னல் வெயிலில் வைப்பது என் வேலை. அதே ஞானத்தோடு கறுப்புத் தாளை உரித்து, பாட்டிலை வார்டு சன்னலில் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

இரண்டு மூன்று நாளில், தண்ணீராய் இருந்தது மஞ்சளாகிவிட்டது. அப்பாவின் கண்ணோ வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கணக்கு சரியாக வந்தது.

"மஞ்சள் பூரா இதுல எறங்கிருச்சும்மா" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பாதி நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டிலை மாட்ட வந்த மலையாளத்து சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"வெளிச்சம் பட்டா இது கெட்டுப்போகும் மோனே. இனி ஏத்தான் பற்றில்லா, ஏத்தக் கூடாது."

மாமா குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேறு பாட்டில் வாங்க மறுபடி போடிக்கு ஜீப் ஏறினார். போடிமெட்டு வளைவெல்லாம் மூடுபனி. என்னால் அப்பா பட்டினி கிடக்கிறார் என்ற நினைப்பில் நானும் சாப்பிடாமல் ஆஸ்பத்திரி கேட் அருகே நின்றேன். இருட்டுகிற நேரத்தில் ஜீப் வந்தது. சிஸ்டர் கறுப்புத் தாளோடே புது பாட்டிலை மாட்டி, குழாயில் முதல் சொட்டு விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா என்னை அடிக்கக்கூட மறந்துபோனாள்.

வெளிச்சத்தில் அந்தச் சத்துகளில் ஒன்று சிதைந்து மஞ்சளாகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அப்பாவின் கண்ணை வெளுக்க வைத்தது டாக்டரின் கத்தி என்பதும் தெரியாது. கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்று, எதற்கடா அதை வெயிலில் வைத்தாய் என்று அப்பா கேட்டார். உங்களுக்குக் குளிருமே என்று வைத்தேன் என்றேன். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அது என்ன தேங்கா எண்ணெயாடா, வெயில்ல வச்சு உருக்க?"