எதிர்க்கடை எங்கட கடை இல்லை

சண்டை முடிந்து, கொழும்பு ஆட்கள் கல்முனைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். இணையத்தளம் செய்து கொடுக்க இடுப்பில் கட்டும் சாரன் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளைத் தொப்பியும் தொந்தியுமாக இருந்த ஹாஜியார் ஒரே சாரனை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார். மடிப்புக்கு ஒரு தடவை எதிர்க்கடையை முறைத்தார்.

"முதல் பக்கத்துல சாரன் படம் போடுவமா, ஹாஜியார்?"

"வாணாம் தம்பி. எதிர்க்கடைக்காரன் டிசைனப் பாத்துருவான்."

"அப்ப விலை?"

"விலையப் போட்டா வாற ஆக்களோட என்னத்தக் கதைக்கிற?"

"பிறகு என்னதான் போடுற?"

யோசித்தார். "எதிர்க்கடை எங்கட கடை இல்லையெண்டு பெரிய எழுத்துல போடுங்க."

போட்டேன். அடுத்த மாதம் எதிர்க்கடைக்குள் போய், அந்த முதலாளியிடம், "உங்களுக்கும் ஒரு தளம் செய்வமா?" என்றேன்.

"என்னத்துக்குத் தம்பி?" என்று சிரித்தார். "அவர் போட்டதப் பாத்துட்டு, அப்படி என்ன கடையெண்டு பாக்க ஆக்கள் இஞ்சதானே வாறாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஹாஜியார் சாரனை மடித்தபடி இந்தத் தடவை என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.