வாப்பாவின் சுண்டுவிரல்

வாப்பாவின் காலில் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் துணியில் பச்சை படிந்திருக்கும். சர்க்கரைப் புண். சவூதியில் லாரி ஓட்டி ஓய்ந்து மேலப்பாளையத்துக்கு வந்து சேர்ந்த மனிதரை அது சுண்டுவிரலிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பச்சை அசரவில்லை.

எனக்கோ அந்தப் பச்சை நன்றாகப் பழகிய ஆள். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அதைக் கக்கும் கிருமியோடுதான் என் பொழுது போகிறது. அந்தக் கிருமி ஒன்றிரண்டாக இருக்கும்போது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு மற்றவற்றுக்குத் தகவல் சொல்லும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாம் ஒன்றாக விஷத்தையும் பச்சையையும் கக்கும். நாங்கள் கொல்லப் போவதில்லை. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி, சாகாத அளவுக்கு விட்டு, அந்தப் பேச்சைக் கெடுக்கிறோம். கொன்றால், தப்பியவை மருந்துக்கே தண்ணி காட்டும் வம்சத்தைப் பெருக்கும். வாயை அடைத்தால் அந்த வம்பு குறைவு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

டாக்டரிடம் கேட்டு, வாப்பாவின் புண்ணிலிருந்த கிருமியையே இரண்டு தட்டுகளில் வளர்த்தேன். தட்டுகளின் படத்தை வாப்பாவிடம் காட்டினேன். ஒரு தட்டு பச்சை. துகள் சேர்த்த தட்டு வெளிறிக் கிடந்தது. கிருமி உயிரோடுதான் இருந்தது.

"அப்பம் அதை என் கால்ல ஊத்துளா."

"முடியாது வாப்பா. தட்டுல நடந்தது கால்ல நடக்குமான்னு இன்னும் பாக்கல."

"ஊருக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்காளாம், பெத்தவன் காலுக்கு இல்லியாம்!" என்று உம்மாவிடம் பொருமினார். அப்புறம் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. எனக்கும் கோபம்தான். அவர் காலிலேயே சோதனை செய்து பார்க்க நான் என்ன கிறுக்கியா? குளியலறையில் போய் அழுதேன். ஆனால் கொடுக்கவில்லை.

கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. எங்களில், வெட்டிய உறுப்பையும் மையவாடியில் அடக்குவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மாமாவிடம் கொடுத்தார்கள். அவர் கிளம்பும்போது கட்டிலில் கிடந்த வாப்பா தடுத்தார்.

"நில்லும் மச்சான். ஏளா, இங்கன வா. உனக்கு வேண்டியதை இதுல இருந்து எடுத்துக்க. கால்ல நடக்குமான்னு பாக்கணும்லா? மிச்சத்தை மாமா அடக்கிக்கிடட்டும்."

டாக்டரின் அனுமதியோடு ஒரு சிறு துண்டை வாங்கிக்கொண்டேன். முதல்முறையாகச் சதையிலேயே துகளை விட்டுப் பார்க்கப் போகிறேன். பச்சை நின்றுவிடும். வாப்பாவின் கால்களில் இன்னும் ஒன்பது விரல்கள் இருக்கின்றன. அதில் ஒன்றையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.